பக்கத்தில் இருப்பவர் ஊதும் புகை நம் ரத்தக்குழாயை என்ன செய்கிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. கணவர் 16 வருடமாக ஹாலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் பிடிக்கிறார். போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தபோது, கழுத்து ரத்தக்குழாயின் சுவர் வயதுக்கு மீறித் தடித்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்றுதான். கணவரோ, "நான் இழுப்பதில் நூறில் ஒரு பங்குகூட உனக்கு வராது, ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது" என்கிறார். 12 வயது மகன் இருக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்:

சகோதரி, உங்கள் கணவர் போட்ட கணக்கு கிட்டத்தட்டச் சரி. அதை வைத்து அவர் வந்த முடிவு தவறு. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்தவன், நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் இல்லை. ஆகவே உங்கள் ஸ்கேனைப் பற்றி உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் விடும் புகை ரத்தக்குழாய்க்குள் போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த நூறில் ஒரு பங்கு. நிகோடின் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. நிகோடின் சில மணி நேரத்தில் போய்விடும். கோட்டினின் ஒன்றிரண்டு நாள் ரத்தத்தில் தங்கும். ஒருவர் எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என்று அளக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் ஒருவரின் ரத்தத்தில் இருக்கும் கோட்டினின், புகைப்பவரிடம் இருப்பதில் சுமார் 1 சதவீதம்தான். உங்கள் கணவர் சொல்லும் எண் இதுதான்.

நுரையீரல் புற்றுநோயாக இருந்தால் ஆபத்து பெரும்பாலும் புகையின் அளவை ஒட்டியே ஏறும். இதய நோய் அப்படி ஏறுவதில்லை. 1997-இல் லண்டனைச் சேர்ந்த லா, மாரிஸ், வால்ட் என்ற மூவர் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். புகைப்பவரோடு வாழ்கிற, தான் புகைக்காத ஒருவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கே அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். புகை நூறில் ஒரு பங்கு, கூடுதல் ஆபத்தோ மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். 2018-இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு என்ன ஆபத்து? 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். கிட்டத்தட்டப் பாதி இருந்தது.

இதை ஒரு மாடிப்படியாக நினைத்துப் பாருங்கள். முதல் படியே இடுப்பு உயரம் இருக்கிறது. அதற்கு மேல் வருபவை எல்லாம் சின்னச் சின்னப் படிகள். உங்கள் கணவர் மேலே நிற்கிறார், நீங்கள் முதல் படியில் நிற்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் உயரம் அவர் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

ஏன் இப்படி என்பதற்கு ரத்தக்குழாயின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தமனியின் உள்சுவர் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். பல வருடம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கும் எனக்கு இதன் மேல் உள்ள வியப்பு குறையவில்லை. ரத்தம் வேகமாக ஓடினால் இந்த உறை அதை உணர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாகச் சுரக்கும். அது சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்தி குழாயை விரிக்கும். ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும், வெள்ளை அணுக்கள் சுவருக்குள் நுழையாமலும் பார்த்துக்கொள்வதும் அதே வாயுதான். இதைக் கண்டுபிடித்த வேலைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையிலைப் புகையில் வரும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் ரத்தத்தில் கலந்ததும் முதலில் அழிப்பது இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். அது சுரப்பதே துளி அளவு என்பதால், அதைக் கெடுக்க நிறையப் புகை தேவைப்படுவதில்லை.

இந்த உறை வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, சில நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று விடுவார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். சிட்னியில் டேவிட் செலெர்மேயரின் குழு 15 முதல் 30 வயதுக்குள் இருந்த 78 பேரை இப்படிப் பரிசோதித்து 1996-இல் வெளியிட்டது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். 26 பேர் புகைப்பவர்கள். 26 பேர் புகைக்காதவர்கள், புகையும் படாதவர்கள். மீதி 26 பேர் உங்களைப் போல: தான் புகைக்காமல், மூன்று வருடமாவது தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அடுத்தவர் புகையில் இருந்தவர்கள்.

புகையே படாதவர்களின் தமனி 8.2 சதவீதம் விரிந்தது. புகைப்பவர்களுக்கு 4.4 சதவீதம். அடுத்தவர் புகையில் இருந்தவர்களுக்கு 3.1 சதவீதம். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தக் கூடியது இல்லை, ஆகவே புகைப்பவரைவிட அவர்கள் மோசம் என்று சொல்லக் கூடாது. ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதே போதும். அதன் பிறகு நைட்ரோகிளிசரின் கொடுத்துப் பார்த்தார்கள். அது உறையின் உதவி இல்லாமல் நேரடியாகத் தசையைத் தளர்த்தும் மருந்து. மூன்று குழுவினரின் தமனியும் ஒன்றுபோல் விரிந்தது. தசை நன்றாகத்தான் இருக்கிறது, உறைதான் கெட்டிருக்கிறது என்பது அப்படித் தெளிவானது.

அந்தக் கட்டுரையைக் கல்லூரி நூலகத்தில் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. என் அப்பா பீடி குடிப்பவர். சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் ஒன்று, படுக்கும் முன் கட்டிலில் ஒன்று. அம்மா அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பார். 58 வயதில் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. சர்க்கரை இல்லை, பி.பி. கொஞ்சம் இருந்தது. பீடிப் புகைதான் காரணம் என்று ஒரு தனி மனுஷியைக் காட்டி யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த 3.1 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணுக்குள் வந்தது.

சரி, 16 வருடம் சேர்ந்தால்தான் இப்படி ஆகுமா? இல்லை. ஜப்பானில் ஒசாகாவில் ஒட்சுகா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. புகைக்காத 15 இளைஞர்களையும் புகைக்கும் 15 இளைஞர்களையும் புகைபிடிக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். முன்னும் பின்னும் இதயத்துக்குப் போகும் தமனியில், தேவைப்படும்போது ரத்த ஓட்டத்தை எவ்வளவு கூட்ட முடிகிறது என்று எக்கோ ஸ்கேனில் அளந்தார்கள். உள்ளே போகும் முன் புகைக்காதவர்களின் திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. 30 நிமிடம் கழித்து அது புகைப்பவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. புகைப்பவர்களுக்கு அந்த அறையால் பெரிய மாற்றம் இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே போக வேண்டியது போயிருந்தது.

"ஊதுகிறவனுக்கே ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகப் போகிறது" என்று ஊரில் சொல்வதுண்டு. மேலே சொன்னது அதற்கு நேர் எதிராக இருக்கிறது. புகை பழகாத ரத்தக்குழாய் புகையைப் பழகிய குழாயைவிடக் கூர்மையாக உணர்கிறது.

தட்டணுக்களிலும் இதேதான் நடக்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறைய உதவுபவை இவை. தேவை இல்லாத இடத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மாரடைப்பு, பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் இதய நோயாளிகளுக்குத் தினமும் சிறிய ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். புகைக்காதவர்கள் 20 நிமிடம் புகை நிறைந்த இடத்தில் இருந்தாலே, ஒட்டாமல் இரு என்று உடம்பு சொல்லும் கட்டளைக்குத் தட்டணுக்கள் சரியாகக் கட்டுப்படுவதில்லை என்று 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். உங்களைவிட, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை உள்ளவர், முன்பு நெஞ்சுவலி வந்தவர் ஆகியோருக்கு இது அவசர விஷயம். அப்படி ஒரு பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், புகை இருக்கும் அறையில் அவரை உட்கார வைக்கவே கூடாது.

இப்போது உங்கள் ஸ்கேனில் சொன்ன தடிப்புக்கு வருவோம். நைட்ரிக் ஆக்சைடு குறைந்த உறையில் கசிவு உண்டாகும். எல்.டி.எல் என்று சொல்லும் கெட்ட கொழுப்பு அந்த வழியே சுவருக்குள் போகும். புகை அந்தக் கொழுப்பையே மாற்றிவிடுகிறது. 1998-இல் ஹெல்சின்கியில், புகை உள்ள அறையில் அரை மணி நேரம் இருந்த புகைக்காதவர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்ததையும், அவர்களின் எல்.டி.எல் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்ததையும் பார்த்தார்கள். அப்படிக் கெட்டுப்போன கொழுப்பை அன்னியப் பொருளாக எண்ணி வெள்ளை அணுக்கள் விழுங்கும். விழுங்கி விழுங்கி நுரை மாதிரி வீங்கி அங்கேயே தங்கிவிடும். சுவர் தடிப்பது இப்படித்தான் தொடங்குகிறது. மேலும் வளர்ந்தால் படிவு, படிவு வெடித்தால் ரத்தக்கட்டி.

அமெரிக்காவில் நான்கு ஊர்களில் நடந்த ஏரிக் என்ற பெரிய ஆய்வில், 10,914 பேரின் கழுத்துத் தமனிச் சுவரை மூன்று வருட இடைவெளியில் இரண்டு முறை அளந்தார்கள். புகைப்பவர்களுக்குச் சுவர் தடிக்கும் வேகம் 50 சதவீதம் அதிகம். புகைக்காமல் அடுத்தவர் புகையில் இருந்தவர்களுக்கு 20 சதவீதம் அதிகம். வயது, பி.பி., கொழுப்பு, உணவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை.

ஆகவே உங்கள் டாக்டர் கேட்ட கேள்வி நியாயமானது. அதே சமயம், உங்கள் சுவர் தடித்தது கணவரின் சிகரெட்டால்தான் என்று அந்த ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பி.பி., சர்க்கரை, எல்.டி.எல், குடும்ப வழி, சீக்கிரமே மாதவிடாய் நின்றிருத்தல், தைராய்டு குறைவு எல்லாம் இதே தடிப்பைத் தரும். அவற்றையும் பார்த்தாக வேண்டும். புகையை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு, ஏறியிருக்கும் பி.பி.யை யாரும் கவனிக்காமல் விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறையில் சேரும் புகையில் பெரும்பகுதி உங்கள் கணவர் இழுத்து வெளியே விடுவது இல்லை. இரண்டு இழுப்புக்கு நடுவே விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழுவதுதான் அதிகம். இழுக்கும்போது நுனி நன்றாகக் கனன்று எரியும். சும்மா இருக்கும்போது சூடு குறைந்து அரைகுறையாக எரியும். ஈர விறகு அடுப்பில் புகைவதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. அதனால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் பல நச்சுப் பொருள்களும் அதிகம். ஃபில்டர் வழியாகவும் அது வருவதில்லை. உங்கள் பங்கு அளவில் சிறியதாக இருந்தாலும் தரத்தில் மோசமானது. பீடிக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு என்று நினைக்க வேண்டாம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் பீடி குடிப்பவர்களின் மாரடைப்பு ஆபத்து சிகரெட் பிடிப்பவர்களுடையதை ஒட்டியே இருந்தது, சுமார் மூன்று மடங்கு. அதே ஆய்வில், வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல் அடுத்தவர் புகையில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 62 சதவீதம் அதிகம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்பது ஹாலில் டி.வி. பார்க்கும் நேரம்தான்.

ஜன்னல் திறந்திருக்கிறதே என்றால், அது உதவும், காப்பாற்றாது. புகைத் துகள்கள் மிக மிக நுண்ணியவை, சீக்கிரம் தரையில் படியாது, காற்றோடு அலைந்துகொண்டே இருக்கும். ஃபேன் அதை வீடு முழுக்கப் பரப்புகிறது. ஏ.சி. இன்னும் மோசம். நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு விதிமுறை வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே கூட, காற்றோட்டத்தால் இதைச் சரி செய்ய முடியாது, உள்ளே புகைக்காமல் இருப்பதுதான் வழி என்று 2005-இலேயே சொல்லிவிட்டது. வாசனை வரவில்லை என்பதையும் நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருப்பவர்களின் மூக்கு பழகிவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர்தான் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பார். காருக்குள் புகைப்பது எல்லாவற்றிலும் கொடுமை, கண்ணாடியை இறக்கிவிட்டாலும்.

உங்கள் மகனைப் பற்றி. இதை எழுதும்போதுதான் எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. பின்லாந்தில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன. துர்க்கு நகரில் 11 வயதுக் குழந்தைகளுக்கு நான் மேலே சொன்ன அதே கைப் பரிசோதனையைச் செய்தார்கள். ரத்தத்தில் கோட்டினின் கூடக்கூடத் தமனி விரிவது படிப்படியாகக் குறைந்தது. உங்கள் மகனைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகள், ஒரு நோயும் இல்லாதவர்கள்.

இன்னொரு ஆய்வு இதைவிட அழுத்தமானது. 1980-இல் பின்லாந்துக் குழந்தைகளிடம் எடுத்த ரத்தத்தை உறைய வைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2014-இல், அந்த ரத்தத்தில் கோட்டினின் அளவைப் பார்த்தார்கள். வளர்ந்து பெரியவர்களான அதே பிள்ளைகளின் கழுத்துத் தமனியில் படிவு இருக்கிறதா என்ற விவரத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். பெற்றோர் புகைத்தும், பிள்ளையின் ரத்தத்தில் கோட்டினின் இல்லாத வீடுகள் இருந்தன. அதாவது, பிள்ளை இருக்கும் இடத்தில் புகைக்காத வீடுகள். அந்தப் பிள்ளைகளுக்குப் படிவு வரும் வாய்ப்பு, புகையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட 1.6 மடங்கு. ரத்தத்தில் கோட்டினின் இருந்த பிள்ளைகளுக்கு 4 மடங்கு. பின்லாந்து, ஆஸ்திரேலியா இரண்டிலும் சேர்த்துப் பார்த்த வேறொரு ஆய்வில், அப்பா அம்மா இருவரும் புகைத்த வீட்டில் வளர்ந்தவர்களின் தமனி, அவர்கள் வயதைவிட 3.3 வருடம் மூத்ததாக இருந்தது.

உங்கள் கணவரிடம் காட்ட ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்த 1.6-ஐயும் 4-ஐயும்தான் காட்டுவேன். அவர் இன்றே சிகரெட்டை விட முடியாவிட்டாலும், எங்கே நின்று பிடிக்கிறார் என்பதே மகனுக்கு இத்தனை வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. முதல் படி இடுப்பு உயரம் என்று சொன்னேன் அல்லவா? அதிலிருந்து இறங்கினாலும் அதே உயரம் இறங்குவோம்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் தலைநகர் ஹெலினா ஒரு சின்ன ஊர். இதய நோய்க்கு அந்த வட்டாரத்துக்கே ஒரு ஆஸ்பத்திரிதான். 2002 ஜூனில் அங்கே உணவகம், மதுக்கடை, அலுவலகம் எல்லாவற்றிலும் உள்ளே புகைக்கத் தடை வந்தது. டிசம்பரில் நீதிமன்ற உத்தரவால் அந்தத் தடை நின்றுபோனது. அந்த ஆறு மாதத்தில் மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 24 பேர். மற்ற வருடங்களில் அதே ஆறு மாதத்துக்குச் சராசரி 40. தடை நின்றதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. ஊர் சின்னது, எண்களும் சின்னவை. இதை மட்டும் வைத்து 40 சதவீதம் குறையும் என்று முழங்குவது சரியில்லை, பலர் அப்படி முழங்கியதும் உண்டு.

அதனால் எனக்கு ஸ்காட்லாந்துதான் நம்பகமான சாட்சி. அங்கே 2006 மார்ச் 26 அன்று தடை வந்தது. ஜில் பெல் தலைமையிலான குழு ஒன்பது ஆஸ்பத்திரிகளில், தடைக்கு முன் பத்து மாதமும் பின் பத்து மாதமும், மாரடைப்பு போன்ற அவசர இதயக் கோளாறோடு வந்தவர்களை எண்ணியது. 3,235-ஆக இருந்தது 2,684-ஆக, அதாவது 17 சதவீதம், குறைந்தது. அதே காலத்தில் தடை இன்னும் வராத இங்கிலாந்தில் 4 சதவீதம்தான் குறைந்தது. வாழ்நாளில் புகைக்காதவர்களிடம் 21 சதவீதம், புகைப்பவர்களிடம் 14 சதவீதம். அதிகப் பலன் கிடைத்தது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். அதுவும் பத்தே மாதத்தில். சுவரில் சேர்ந்த தடிப்பு பத்து மாதத்தில் கரைந்திருக்காது. தட்டணுக்களும் உள்ளுறையும் சரியானதால் வந்த பலன் இது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

உள்ளுறை திரும்பி வருமா என்பதையும் செலெர்மேயரோடு பணியாற்றியவர்களே பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், முன்பு அடுத்தவர் புகையில் இருந்து, பிறகு அதிலிருந்து விலகி இருந்த இளைஞர்களின் தமனி, இன்னும் புகையில் இருப்பவர்களைவிட நன்றாக விரிந்தது. புகையே படாதவர்களின் அளவை முழுதாக எட்டவில்லை. பாதி வழி வந்திருந்தது என்று சொல்லலாம்.

கலிபோர்னியாவில் 2008-இல் பார்த்த ஒன்றும் இங்கே முக்கியம். உறையில் ஓட்டை விழுந்தால் போய் அடைக்கும் பழுதுபார்க்கும் செல்கள் நம் ரத்தத்தில் சுற்றுகின்றன. அரை மணி நேரப் புகைக்குப் பிறகு, 24 மணி நேரம் கழித்தும் அந்தச் செல்கள் சரியாக வேலை செய்யவில்லை. தினமும் எட்டு, பத்து சிகரெட் எரியும் வீட்டில் அந்தச் செல்களுக்கு ஒரு முழு நாள்கூட ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே "இனிமேல் குறைத்துக்கொள்கிறேன், மூன்றுதான்" என்று அவர் சொன்னால், அவர் உடம்புக்கு அது ஒரு தொடக்கம். உங்கள் ரத்தக்குழாய்க்கு அந்த மூன்றும் வீட்டுக்குள் இல்லாமல் இருந்தால்தான் பலன்.

சட்டம் உங்களுக்குத் துணை வராது. கேரள உயர் நீதிமன்றம் 1999-இல் பொது இடத்தில் புகைப்பது மற்றவர்களின் உயிர் வாழும் உரிமையைப் பறிக்கிறது என்று சொன்னது. 2001-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது, 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடத்தில் தடை, 200 ரூபாய் வரை அபராதம். எல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2016-17-இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு நாற்பது வீட்டுக் கதை உங்களுடையது. நம் பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு, ஆனாலும் புகை அவர்களை விடுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். நிகோடின் என்பது பிடிவாதம் இல்லை, மூளையைப் பிடித்துக்கொள்ளும் போதை. உங்கள் மேல் அன்பு இல்லாததால் அவர் புகைக்கவில்லை. முதலில் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் கிடையாது என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். பால்கனி என்றால் கதவை மூடிக்கொண்டு, காற்று உள்பக்கம் அடிக்கும் பால்கனி என்றால் அதுவும் வேண்டாம். மொட்டை மாடியோ தெருவோ நல்லது. எழுந்து போய், படியேறி, வெயிலில் நின்று பிடிக்க வேண்டும் என்றாலே பலருக்கு எண்ணிக்கை தானாகக் குறைகிறது. சோபா உறை, திரைச்சீலை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள். அப்புறம் யாராவது உள்ளே பற்றவைத்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

அவர் விட விரும்பினால் தனியாகப் போராட வேண்டியதில்லை. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். நிகோடின் சூயிங்கம்மும் மாத்திரைகளும் டாக்டர் ஆலோசனையோடு எடுத்தால் விட்டுவிடும் வாய்ப்பு கூடுகிறது. முதல் முறை தோற்றால் அது வழக்கம்தான், பெரும்பாலானவர்கள் சில முறை முயன்ற பிறகே விடுகிறார்கள்.

உங்களுக்கு: பி.பி., மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்புப் பரிசோதனை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கழுத்து ஸ்கேனை மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் எதற்கு என்று கேளுங்கள். ஏரிக் ஆய்வில் மூன்று வருடத்தில் வந்த மாற்றமே மில்லிமீட்டரில் நூறில் மூன்று, நான்கு பங்குதான். ஆறு மாதத்தில் தெரிவது பெரும்பாலும் அளப்பவரின் கை வித்தியாசமாகத்தான் இருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, வீட்டில் புகை எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து நின்றது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். முடிந்தால் கணவரையும் கூட அழைத்துப் போங்கள்.